எழுத்தொலி தெரிகிறது, சொல் வரவில்லை: யூகேஜி பையனும் ஃபோனிக்ஸும்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. மகன் யூகேஜி. பள்ளியில் ஜூன் முதல் ஃபோனிக்ஸ் நடக்கிறது. எந்த ஆங்கில எழுத்தைக் காட்டினாலும் அதன் ஒலியைச் சொல்கிறான், கையை ஆட்டிப் பாட்டும் பாடுகிறான். ஆனால் ‘பின்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் ‘ப... இ... ந’ என்று மூன்றையும் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். சில நாள் ‘பென்சில்’ என்கிறான். வகுப்பு மிஸ் ‘கொஞ்சம் ஸ்லோ’ என்கிறார். வீட்டில் பாட்டி ஏபிசிடி சொல்லிக்கொடுத்ததால்தான் குழப்பம் என்றும் சொல்கிறார். பணம் கட்டித் தனி ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன்: ஒலி அத்தனையும் தெரிந்தும் ஏன் வாசிக்க வரவில்லை, குறை பையனிடமா, சொல்லிக்கொடுத்த விதத்திலா?

தமிழில் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: எழுத்துக் கூட்டி வாசிப்பது. ஃபோனிக்ஸ் என்று பள்ளிகள் சொல்வது அதைத்தான். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வது ஒரு வேலை. அந்த ஒலிகளைக் கூட்டி ஒரு சொல்லாக்குவது இன்னொரு வேலை. முதல் வேலை நன்றாக வந்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பல பள்ளிகள் ஆண்டு முழுவதும் ஒலியையும் பாட்டையும் மட்டுமே நடத்துகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாக வருவதில்லை. கூட்டுவதைத் தனியாக, தினமும் பழக்க வேண்டும்.

பழக்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். எழுத்தே வேண்டாம், வாயால் போதும். ‘ப... ட... ம்’ என்று எழுத்துக்கு எழுத்து ஒரு விநாடி விட்டுச் சொல்லி, ‘என்ன சொன்னேன்?’ என்று கேளுங்கள். ‘படம்’ என்று பிடித்துவிட்டால் கூட்டும் திறன் அவனிடம் இருக்கிறது. அடுத்து ‘ப்... ஆ... ல்’, ‘ம்... ஈ... ன்’ என்று உடைத்துச் சொல்லிப் பாருங்கள். இங்கே தடுமாறினால் சிக்கல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அசையளவு துண்டுகளை அவனால் ஒட்ட முடிகிறது, அதைவிடச் சிறிய தனி ஒலிகளை ஒட்ட முடியவில்லை. இந்த வயதில் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைகள் நிறையப் பேர் நிற்கும் இடம் இதுதான்.

காரணம் நம் எழுத்து முறையில் இருக்கிறது. ‘மரம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் மூன்று என்போம். ஆங்கில ஃபோனிக்ஸ் கணக்கில் அது ஐந்து ஒலி: ம், அ, ர், அ, ம். மெய்யையும் உயிரையும் ஒரே வடிவத்தில் சேர்த்து எழுதும் மொழிகளில் குழந்தையின் காது இயல்பாகவே உயிர்மெய்யை ஒரு துண்டாக எடுத்துக்கொள்கிறது. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்விலும் இதைப் பார்க்கலாம். தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறன் அங்கே மெதுவாகத்தான் வளர்கிறது. ஆங்கிலம் நம் பையனிடம் முதல் நாளிலேயே அந்தத் திறனைக் கேட்கிறது. அவன் ‘ஸ்லோ’ அல்ல, தமிழ்க் காதோடு உட்கார்ந்திருக்கிறான்.

இனி ‘ப... இ... ந’வுக்கு வருவோம். நீங்களே வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ‘பஇந’ என்றுதான் வரும், எத்தனை தடவை சொன்னாலும் ‘பின்’ வராது. ப-வுக்குள் ஓர் அகரம் இருக்கிறது, ந-வுக்குள் இன்னொன்று. அந்த இரண்டையும் மனதுக்குள் வெட்டி எறிந்தால்தான் சொல் கிடைக்கும். பெரியவர்களுக்கு அது கைவந்த வேலை, ஐந்து வயதுக்கு அது வித்தை. இங்கிலாந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சியில் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் ஒன்று, மெய்யொலிக்குப் பின்னால் உயிரை ஒட்டாதீர்கள் என்பது. அவர்களிடம் அதை எழுதிக் காட்ட வழி இல்லை. நம்மிடம் புள்ளி இருக்கிறது. ‘ப்’, ‘ஸ்’, ‘ம்’ என்று எழுதினாலே உயிர் இல்லாத ஒலி என்று தெரிந்துவிடும். ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. மெய்யெழுத்துகளை நாம் ‘இக், இங், இச்’ என்றுதான் பாடம் சொல்கிறோம், அதனால் பையன் அடுத்தபடியாக ‘இப்... இ... இன்’ என்று ஆரம்பிப்பான். ஆங்கிலத்தில் எஃப், எல், எம், என், எஸ் என்று பெயருக்கு முன்னால் ஓர் ‘எ’ நிற்பதும் இதே கதைதான். மெய்யைத் தனியாக உச்சரிக்க எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒரு கைத்தடி வேண்டியிருக்கிறது!

சரியான ஒலியைக் காட்ட எளிய வழி, அந்த ஒலியில் முடியும் சொல்லை எடுத்து அதன் வாலை மட்டும் கத்தரிப்பது. ‘கப்’ என்று சொல்லி முடிக்கும்போது உதடு மூடி லேசாக வெடிக்கிறதே, அதுதான் ‘ப்’. குரல் வரக்கூடாது, கிசுகிசுப்பாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒலிகள் இரண்டு வகை. ஸ், ம், ன், ல், ஃப் போன்றவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். ப், ட், க் போன்றவற்றை நீட்டவே முடியாது, நீட்டினால் உயிர் ஒட்டிக்கொள்ளும். அதனால் கூட்டப் பழக்கும்போது முதல் சொற்கள் நீட்டக்கூடிய ஒலியில் தொடங்க வேண்டும். ஸிட், மேட், மேன், ஸன், ரன் போன்றவை. ‘கேட்’, ‘பேட்’, ‘பின்’ எல்லாம் ஒரு வாரம் கழித்து வரட்டும். பெரும்பாலான பயிற்சிப் புத்தகங்கள் ‘கேட்’ என்ற பூனையில் ஆரம்பிப்பது படம் வரைய வசதி என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

செய்முறைக்கு வருகிறேன். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், பதினைந்தைத் தாண்ட வேண்டாம். முதல் நான்கைந்து நாள் எழுத்தே கிடையாது. தமிழ்ச் சொற்களை மட்டும் ஒலி ஒலியாக உடைத்துச் சொல்லுங்கள்: பால், மீன், நாய், காய், பூ, தேன், கால். ‘ந்... ஆ... ய் எங்கே படுத்திருக்கு?’ என்று சாப்பாட்டு வேளையிலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் கேட்கலாம். நாளுக்கு எட்டு, பத்து சொல். பொருள் தெரிந்த சொல் என்பதால் கூட்டியது சரியா என்று அவனுக்கே தெரிந்துவிடும். இரண்டு ஒலிச் சொல் (பூ, தீ, கை) முதலில், மூன்று ஒலிச் சொல் அடுத்து. பத்தில் எட்டைப் பிடிக்கிறான் என்றால் எழுத்துக்குப் போகலாம்.

எழுத்துக்கு, தீப்பெட்டி அளவு அட்டைத் துண்டுகள் வெட்டிச் சின்ன எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து இப்போதைக்கு வேண்டாம், புத்தகத்தில் வருவதில் பெரும்பகுதி சின்ன எழுத்துதான். எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் என்ற ஆறு எழுத்தில் தொடங்குவது பல நாடுகளில் பழகிப்போன வரிசை. இந்த ஆறை வைத்துக்கொண்டே ஸிட், பின், டின், டிப், டேப், நேப், பேன், ஸேட் என்று ஒரு டஜனுக்கு மேல் சொற்களை உருவாக்கலாம் என்பதுதான் அதன் ரகசியம். ஏபிசிடி வரிசைப்படி போனால் முதல் நான்கு எழுத்தில் கிடைப்பது ‘கேப்’, ‘டேட்’, ‘பேட்’ போல ஒரு சில சொற்களே. அந்த நாலிலும் ‘பஸ்’ஸின் பியும் ‘டாக்’கின் டியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கின்றன. அவை இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றுத்தருவது வம்பை விலைக்கு வாங்குவது.

மூன்று அட்டைகளை ஒரு விரல்கடை இடைவெளி விட்டு வையுங்கள். முதல் அட்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொடங்கி, மூச்சை நிறுத்தாமல் விரலை நகர்த்தி ‘ஸ்ஸ்ஸ்இஇஇட்’ என்று முடிக்க வேண்டும். பிறகு அதையே வேகமாக: ‘ஸிட்’. இடையில் நிறுத்தாமல் இழுப்பதுதான் முக்கியம். எழுத்தொலி தெரிந்தும் சொல் வாசிக்க வராத குழந்தைகளை, அதாவது உங்கள் பையனைப் போன்றவர்களையே எடுத்துக்கொண்டு, செலினிட் கோன்சாலஸ்-ஃப்ரேயும் லினியா எஹ்ரியும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிகளை விட்டு விட்டுச் சொல்லிக் கூட்டியவர்களைவிட விடாமல் இழுத்துக் கூட்டியவர்கள் நன்றாக வாசித்தார்கள். விட்டு விட்டுச் சொல்லும்போது மூன்றாவது ஒலிக்கு வருவதற்குள் முதல் ஒலி மறந்துவிடுகிறது. மறக்கும் குழந்தைக்கு இன்னொரு வழி, சேர்த்துக்கொண்டே போவது: முதல் இரண்டு ஒலியை ஒட்டி ‘ஸி’ என்று கையில் வைத்துக்கொண்டு, அதோடு ‘ட்’டைச் சேர்ப்பது. தமிழில் ‘ஸி’ ஒரே எழுத்தாகவே இருப்பதால் நம் குழந்தைகளுக்கு இந்த வழி சட்டென்று பிடிபடும்.

வாசிப்போடு எழுதுவதும் அன்றன்றே நடக்க வேண்டும். நீங்கள் ‘டின்’ என்று சொல்லுங்கள், அவன் விரல்விட்டு மூன்று ஒலியை எண்ணட்டும், அட்டைகளைத் தேடி வரிசையாக வைக்கட்டும். பென்சில் பிடிக்கக் கை இன்னும் வலுவாகாத வயது, அட்டை போதும். நாளுக்கு நான்கு சொல். கூட்டுவதும் உடைப்பதும் ஒரே பாதையில் போவதும் வருவதும் போல. ஒன்றில் வரும் தேர்ச்சி மற்றதைத் தூக்கிவிடும்.

வேகத்தைப் பற்றிப் பள்ளியிடம் கேட்பது நல்லது. வாரம் ஓர் எழுத்து, அதற்கு ஒரு வண்ணம் தீட்டும் தாள், ஒரு பஞ்சு ஒட்டும் வேலை என்று போனால் இருபத்தாறு எழுத்துக்கு ஒரு கல்வியாண்டு தீர்ந்துவிடும், குழந்தை ஒரு சொல்லைக்கூட வாசித்திருக்காது. இங்கிலாந்து அரசு 2007இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் முதல் 19 எழுத்துகளுக்கு ஒதுக்கியது ஆறு வாரம் மட்டுமே. முதல் ஓரிரு வாரங்களிலேயே கூட்டி வாசிப்பதும் தொடங்கிவிடும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி என்பதையும் மறக்கக்கூடாது. நம் வீடுகளுக்கு வாரம் இரண்டு எழுத்து, அதுவும் முந்தைய எழுத்துகளோடு சேர்த்துச் சொற்களாக்கி, என்பது நியாயமான வேகம்.

சுவரில் மாட்டும் படச் சார்ட்டையும் ஒரு முறை பாருங்கள். ஐ-க்கு ஐஸ்கிரீம், ஓ-வுக்கு ஆந்தை, ஜி-க்கு ஒட்டகச்சிவிங்கி, எக்ஸ்-க்கு சைலஃபோன் என்று இருந்தால் அதைக் கழற்றிவிடுவது உத்தமம். ஐஸ்கிரீமில் ஐ தன் பெயரைச் சொல்கிறது. குழந்தைக்கு முதலில் வேண்டியது ‘இங்க்’கில் வரும் ‘இ’. எக்ஸ் என்ற எழுத்தின் வழக்கமான ஒலி சொல்லின் முதலில் வருவதே இல்லை, ‘பாக்ஸ்’, ‘சிக்ஸ்’ என்று கடைசியில்தான் வரும்.

தமிழ் வீட்டுக் குழந்தை மட்டும் தடுக்கி விழும் சில இடங்கள் உண்டு. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நடத்தும் ஆசிரியருக்கு அவை தெரியாமல் போகலாம். முதலாவது, குழந்தையின் சொந்தப் பெயர். அருண், அம்மு என்ற பெயர்கள் ஏ என்ற எழுத்தில் தொடங்குகின்றன, உமா யூ என்ற எழுத்தில். ஆகவே ஏ என்றால் ‘அ’, யூ என்றால் ‘உ’ என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஃபோனிக்ஸ் வகுப்பில் ஏ-வுக்கு ‘பேட்’டில் வரும் ஒலி என்றும், யூ-வுக்கு ‘கப்’பில் வரும் ‘அ’ என்றும் சொல்கிறார்கள். ‘கப்’பை ‘குப்’ என்றும் ‘ரன்’னை ‘ருன்’ என்றும் வாசிக்கும் குழந்தை தன் பெயரிலிருந்து கற்றதைச் சரியாகவே பயன்படுத்துகிறான். ‘உன் பேரு தமிழ்ப் பேரு, அதுக்கு வேற கணக்கு’ என்று வெளிப்படையாகச் சொன்னால் புரிந்துகொள்வான்.

இரண்டாவது, ப, ட, க. தமிழில் ‘பல்’லுக்கும் ‘பஸ்’ஸுக்கும் ஒரே ப. ‘காது’க்கும் ‘குண்டு’வுக்கும் ஒரே க வரிசை. காதில் வேறுபாடு விழுகிறது, எழுத்தில் இல்லை. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்து. இந்தப் பதிலிலேயே பாருங்கள், ‘பேட்’ என்று எழுதினால் எந்த பி என்று நீங்கள்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘பஸ்’ஸின் முதலொலியில் தொண்டை அதிரும், ‘பல்’லின் முதலொலியில் அதிராது. இது ஒரு நாளில் வராது, எழுதும்போது பிழையாகப் பல மாதம் எட்டிப்பார்க்கும். திருத்துங்கள், கவலைப்படாதீர்கள்.

மூன்றாவது, ‘கப்பு’, ‘பஸ்ஸு’, ‘பேகு’. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் விடாது, குற்றியலுகரத்தை ஒட்டித்தான் வெளியே அனுப்பும். பையன் ‘கப்பு’ என்று வாசித்தால் அது வாசிப்புப் பிழை இல்லை, உச்சரிப்புப் பழக்கம். சொல்லை அவன் பிடித்துவிட்டான். ‘சரி, கப்’ என்று நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் அட்டையில் அடுக்கும்போது கடைசியில் ஒரு யூ-வையும் வைத்தால் மட்டும் நிறுத்தி, ஒலியை எண்ணவைக்க வேண்டும். அதேபோல ‘பெட்’, ‘பேட்’ இரண்டும் அவன் காதுக்கு ஒன்றாகக் கேட்கலாம். ஏ-யையும் ஈ-யையும் கற்றுத்தருவதற்கு நடுவே குறைந்தது மூன்று வாரமாவது இருக்கட்டும்.

நான்காவது, எனக்கு மிகப் பெரியதாகப் படுவது, பொருள். ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்துக் கூட்டும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ‘நேப்’ என்றால் குட்டித் தூக்கம் என்று தெரியாத குழந்தை அதைச் சரியாகக் கூட்டினாலும், தான் சரியாகச் செய்தோமா என்று அறிய வழியில்லை. அதனால்தான் கூட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். இதற்கு மருந்து நம் வீட்டுப் பேச்சிலேயே கிடக்கிறது. பின், டின், கப், ஜக், மக், பஸ், பேக், பெட், பென், ஃபேன், பாக்ஸ், நெட் என்று குழந்தை நாள்தோறும் சொல்லும் ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பார்க்கும் வீடாக இருந்தால் பேட், ரன், ஹிட், சிக்ஸ் என்று அங்கேயே ஒரு பாடம் தயார். இவை தீர்ந்த பிறகு புதிய சொற்களுக்குப் போகலாம். அப்போதும் சொல்லின் பொருளை முதல் நாளே பேச்சில் அறிமுகப்படுத்திவிட்டு, மறுநாள் எழுத்தில் காட்டுங்கள்.

‘பின்’னைப் பார்த்து ‘பென்சில்’ என்றது ஊகம். முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தாவுகிறான். படத்தோடு கூடிய வாசிப்புப் புத்தகங்கள் இந்தப் பழக்கத்தை வளர்க்கும். படத்தை மூடிவிட்டு, கடைசி எழுத்தின் கீழ் விரலை வைத்து ‘இது என்ன சொல்லுது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘படத்தைப் பார்த்துச் சொல்லு’ என்று யாரும் சொல்லவேண்டாம். அவன் கற்ற எழுத்துகள் மட்டுமே வரும் புத்தகங்கள் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நீங்களே நாலு வரி எழுதிக்கொள்ளலாம். ஊகிக்கிறானா, கூட்டுகிறானா என்று கண்டுபிடிக்க, பொருளே இல்லாத சொல் ஒன்றை அடுக்கிக் காட்டுங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தும் தேர்வில் மொத்தம் 40 சொல், அதில் பாதி இப்படிப்பட்ட இட்டுக்கட்டிய சொற்கள். பக்கத்தில் ஒரு வேடிக்கையான பூதத்தின் படம் போட்டு, ‘இது இந்தப் பூதத்தின் பெயர்’ என்பார்கள். இதை எப்போதாவது சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள், தினப் பாடமாக்க வேண்டாம். ஏற்கெனவே அந்நிய மொழிச் சொற்களோடு மல்லுக்கட்டும் குழந்தை அது.

பாட்டியை விட்டுவிடுங்கள். எழுத்தின் பெயர் தெரிந்ததால் குழந்தை கெட்டுப்போவதில்லை. பீ, டீ, கே, வீ, எஃப், எம் போன்ற பெயர்களுக்குள்ளேயே அந்தந்த ஒலி ஒளிந்திருக்கிறது, பெயர் தெரிந்த குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒலியைக் கற்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஹெச், டபிள்யூ, ஒய் போன்ற சிலவற்றில் மட்டும் பெயர் உதவாது. ‘பேரு வேற, சத்தம் வேற. மாடுன்னு பேரு, அம்மான்னு கத்தும்’ என்று சொன்னால் முடிந்தது. வாசிக்கும் நேரத்தில் சத்தம் மட்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும்.

மூன்று ஒலிச் சொற்கள் தடையின்றி வந்த பிறகுதான் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் இடங்கள், அதன் பிறகு ‘ஸ்டாப்’, ‘லேம்ப்’ போல மெய்கள் அடுத்தடுத்து வரும் சொற்கள், நெடில் உயிர்கள் எல்லாம். ஒலிவிதிக்குள் அடங்காத ‘தி’, ‘வாஸ்’, ‘செட்’ மாதிரிச் சொற்களை வாரம் இரண்டாக அறிமுகப்படுத்தலாம். அவற்றிலும் பாதி விதிப்படிதான் இருக்கும். ‘சொன்னான்’ என்ற பொருளில் வரும் ‘செட்’டில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகவே ஒலிக்கின்றன, நடுவில்தான் கோணல். அந்தக் கோணலை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்று காட்டுங்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு ஏறத்தாழ 44 ஒலி என்பதால் இந்த வேலைக்கு யூகேஜி முடிந்தும் இரண்டு ஆண்டு பிடிக்கும். ஆங்கிலக் குழந்தைகளுக்கே அப்படித்தான். 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வந்த ஆய்வில், பள்ளியின் முதலாண்டு முடிவில் ஃபின்லாந்துக் குழந்தைகள் எளிய சொற்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் சரியாக வாசிக்க, ஆங்கிலத்தில் படித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாசித்தார்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லவேண்டும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசையாக, வெளிப்படையாகக் கற்றுத்தருவது, போகிற போக்கில் தொட்டுக்காட்டுவதைவிட நல்லது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கை முதல் அது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. எவ்வளவு ஃபோனிக்ஸ், கதை வாசிப்போடு எப்படிக் கலப்பது என்பதில்தான் சண்டை. இங்கிலாந்துத் தேர்வில் தேறியவர்கள் 2012இல் 58 சதவீதம், 2019இல் 82 சதவீதம். முறை வென்றுவிட்டது என்பார்கள் ஒரு சாரார். தேர்வுக்குத் தயார்செய்ததால் தேறினார்கள், புரிந்து வாசிப்பது அந்த அளவு உயரவில்லை என்பார்கள் மற்றவர்கள். கல்வி ஆய்வாளர்களான டொமினிக் வைஸும் ஆலிஸ் பிராட்பரியும் 2022இல், ஒலியை மட்டும் தனியே பிரித்து நடத்துவதைவிட முழு நூல்களோடு இணைத்து நடத்துவதே மேல் என்று எழுதினார்கள், அதற்கும் கடுமையான மறுப்புகள் வந்தன. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பற்றியது என்பதால், மேலே நான் சொன்ன வாரக்கணக்கெல்லாம் அனுபவக் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டிக் குறைக்கலாம்.

தமிழ் வாசிப்பை இதனோடு போட்டுக் குழப்ப வேண்டாம், ஆனால் தள்ளியும் வைக்க வேண்டாம். தமிழில் 247 எழுத்தையும் மனப்பாடம் செய்த பிறகுதான் சொல் என்ற பழக்கமும், வாரம் ஓர் ஆங்கில எழுத்து என்ற பழக்கமும் ஒரே தவறின் இரண்டு முகம். ப, ட, ம, ர, க என்று ஐந்தாறு எழுத்தும் மூன்று மெய்யும் வந்ததுமே படம், மரம், பட்டம், கடல் என்று வாசிக்கத் தொடங்கலாம். தமிழில் சிக்கல் வேறு இடத்தில் வரும்: ‘கெ’, ‘கே’, ‘கை’யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. இவற்றைத் துண்டாக உடைக்காமல் முழு வடிவமாகப் பழக்குவது எளிது. வீட்டில் ‘வந்தாங்க’ என்று பேசும் குழந்தை புத்தகத்தில் ‘வந்தார்கள்’ என்று பார்க்கும்போது தயங்குவதும் இயல்பு. தமிழில் சரளமாகக் கூட்டும் குழந்தைக்கு ‘எழுத்து சொல்லாகும்’ என்ற அடிப்படை புரிந்துவிட்டது, அது ஆங்கிலத்துக்கும் உதவும்.

ஒரு கடிதத்தை வைத்து ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் கவலைக்குரிய அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடிக்கடி காதுவலி, சளி வரும் குழந்தையாக இருந்தால் முதலில் காது கேட்பதைச் சோதியுங்கள், இது பலரும் மறக்கும் விஷயம். மூன்று மாதம் தினமும் பழகியும் பத்து எழுத்தொலி நினைவில் நிற்கவில்லை, வாயால் சொல்லும் ‘பூ’, ‘பால்’கூடக் கூட்ட வரவில்லை, பேச்சும் தாமதமாகத்தான் வந்தது, குடும்பத்தில் யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்தது என்பதில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டலாம். எழுத்தைத் திருப்பிப் போடுவது மட்டும் ஏழு வயது வரை ஒரு நோயடையாளம் இல்லை. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழே நம் நாட்டில் 8 வயதுக்குப் பிறகுதான் தருகிறார்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குழந்தை புரிந்து வாசிக்க வேண்டிய வயதாக எட்டைத்தான் வைத்திருக்கிறது. உங்கள் பையனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

தனி வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு வாரம் வீட்டில் மேலே சொன்ன மாதிரி செய்து பாருங்கள். அதற்குப் பின்னும் சேர்க்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அந்த வகுப்பில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டை மட்டும் கவனியுங்கள். ஆசிரியர் ‘ப’ என்கிறாரா, ‘ப்’ என்கிறாரா? அரை மணி நேரத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் வாயால் எத்தனை சொற்களைக் கூட்டி வாசித்தது? முதல் கேள்விக்கு ‘ப’ என்றும், இரண்டாவதற்கு ஐந்துக்குக் குறைவாகவும் விடை வந்தால் பர்ஸைத் திறக்காமலே திரும்பிவிடலாம்.